பக்கத்து வீட்டுத் தக்காளி

ஸ்கார்பரோ, கனடா,
பங்குனி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவை முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதை விட்டுவிட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் பேசுவது உங்களுக்குக் காதில் ஏறாமல், தம்பி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கத்திச் சொல்ல, நம் வீட்டு விஷயம் தங்கச்சிமடம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விடுகிறது. இப்போது சொல்லப்போவது அங்கே போகக் கூடாத விஷயம்.

போன ஆகஸ்டில் ஒரு கூடை தக்காளியைப் படம் எடுத்து அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? 'நல்லா காய்ச்சிருக்கு, பரவாயில்ல' என்று தம்பியை விட்டுப் பதில் போடச் சொன்னீர்கள். அது என் தோட்டத்துத் தக்காளி இல்லை அப்பா. பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி கொடுத்தது. என் தக்காளி மே மாதமே செத்துப்போயிற்று.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் நல்ல வெயில். ஆறு மாதம் ஜாக்கெட்டுக்குள் கிடந்தவளுக்கு அந்த வெயிலைப் பார்த்ததும் புத்தி கெட்டுவிட்டது. கொல்லையில் இறங்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது. நீங்கள் தொட்டுப் பார்த்துத்தானே எல்லாம் செய்வீர்கள்? கடையில் 14 தக்காளி நாற்று வாங்கி அன்றைக்கே நட்டேன். நான் தொட்டது மேல் மண். ஒரு சாண் தோண்டியிருந்தால் விரல் விறைத்திருக்கும். இந்த ஊரில் குளிர்காலத்தில் தரை உறைந்து கீழே இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் வீட்டு அஸ்திவாரத்தையே 4 அடி ஆழத்தில் போடுகிறார்கள்.

மே இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, காற்றும் இல்லை. ஜன்னலில் நின்று நட்சத்திரம் பார்த்துவிட்டுப் படுத்தேன். அந்த மாதிரி ராத்திரியில்தான் உறைபனி விழும் என்று எனக்கு யார் சொன்னது? மேகம் இருந்தால் தரையின் சூட்டை மேலே போகவிடாமல் கொஞ்சம் பிடித்து வைத்திருக்குமாம். காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் கொதிநீர் ஊற்றிய கீரை மாதிரி துவண்டு கிடக்கிறது. இலைக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து உள்ளேயே கிழித்துவிடுகிறது. வெயில் ஏற ஏற அத்தனையும் கறுத்துவிட்டன. மல்லிகைப் பதியன் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவர் மகள், 14 தக்காளியைப் பிழைக்கவைக்கவில்லை. இதை எந்த வாயால் சொல்வது?

பாட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, 'விக்டோரியா, விக்டோரியா' என்று தலையில் அடித்துக்கொண்டார். முதலில் எனக்குப் புரியவில்லை. மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை இங்கே விக்டோரியா ராணி பேரில் விடுமுறை. அதற்கு முன்னால் தக்காளி, மிளகாய், கத்திரி எதையும் தரையில் வைக்கக் கூடாது என்பது இங்கத்திய நடவுப் பட்டம்.

இந்த வருஷம் பாட்டி சொன்னபடிதான் செய்கிறேன். இவருக்கு இதில் ஈடுபாடு கிடையாது, ஆனால் மூட்டை தூக்குவார். என்ன மூட்டை தெரியுமா? ஆட்டுப்புழுக்கை! பொடியாக்கி, பையில் அடைத்து, படம் போட்டுக் கடையில் விற்கிறார்கள். முதுகுளத்தூர் மாமா, வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போடுகிற கீதாரியிடம் கூலி பேசிப் பேசி நிற்பாரே, அதை நினைத்து நான் கடையிலேயே சிரித்துவிட்டேன். வாசனை வரவே வராது, அதுதான் எனக்கு நம்பிக்கை இல்லை.

மண்தான் பெரிய பாடு. நம் கொல்லை மணலில் ஒரு குடம் ஊற்றினால் அடுத்த நிமிஷம் இடம் தெரியாது. இது களிமண். பனி கரைந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கொழகொழவென்று கிடக்கிறது. போன வருஷம் ஈரத்தோடு பாத்தியில் இறங்கி நடந்துவிட்டேன். என் செருப்புத்தடம் செங்கல்லில் அச்சு வைத்த மாதிரி ஆகஸ்ட் வரைக்கும் அப்படியே இருந்தது. இப்போது தினம் காலையில் ஒரு பிடி எடுத்து உருட்டி, கீழே போட்டுப் பார்க்கிறேன். உருண்டை உதிர்ந்தால் கொத்தலாம், ஒட்டிக்கொண்டு நின்றால் திரும்பி வந்துவிட வேண்டும். நேற்று வரைக்கும் ஒட்டத்தான் செய்தது. தெற்குப் பக்கச் சுவரோரம் மட்டும் உதிர்ந்தது, அங்கே பட்டாணியும் பாலக்கும் போட்டேன். அதுகளுக்குக் குளிர் பிடிக்குமாம்.

பூண்டு கதையும் அப்படித்தான். போன ஐப்பசியில், மாமா மிளகாய் நாற்றுக்கு மழையை எதிர்பார்த்து நிற்கிற நேரம், பாட்டி என்னைப் பூண்டுப் பல் ஊன்றச் சொன்னார். மேலே காய்ந்த இலையைக் கனமாகப் போட்டு மூடினோம். பனி கொட்டி, மூடி, மூன்று மாதம் இடமே தெரியவில்லை. குளிர் படாவிட்டால் பூண்டு பல் பிரியாதாம், ஒரே உருண்டையாக நின்றுவிடுமாம். இப்போது இலையை விலக்கினால் ஒரு விரல் உயரத்துக்கு வரிசையாகப் பச்சை. அந்த வரிசையை மட்டும் தினம் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறேன்.

இந்த வருஷம் மிளகாயும் போடுகிறேன். விதை எங்கேயிருந்து என்கிறீர்களா? விதை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள், வேண்டாம். தபாலில் விதை, செடி அனுப்ப ஆயிரம் விதிகள், மண் அறவே கூடாது. தமிழ்க்கடையில் முண்டு மிளகாய் வற்றல் கிடைக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம மிளகாய்தான். நாலு வற்றலை உடைத்து விதையை ஈரத்தாளில் சுற்றி, பிரிட்ஜுக்கு மேலே சூடாக இருக்கிற இடத்தில் மாசிக் கடைசியில் வைத்தேன். 40 விதையில் 11 முளைத்தது. ஜன்னலோரம் தட்டில் இப்போது நாலு இலை விட்டு நிற்கிறது. மே மாதம் வெளியே கொண்டுபோய்ப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, இப்படிப் பத்து நாள். நீங்கள் பதியனைக் கீற்று நிழலிலிருந்து வெளியே எடுக்கிற மாதிரியேதான், ராத்திரிக்கு மட்டும் வீட்டுக்குள் தூக்கிவர வேண்டும். ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம், தம்பியின் படகுக்கு 61 நாள் ஓய்வு. அவன் திரும்பக் கடலுக்குப் போவதற்குள் இந்தப் பதினொன்றில் ஒன்றாவது மொட்டு வைக்கும் என்று மனசுக்குள் பந்தயம் கட்டியிருக்கிறேன்.

பாட்டி வீட்டு அத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன நவம்பரில் அவரும் மகனும் கொல்லையில் நீளமாகக் குழி வெட்டி, ஓர் ஆள் உயர அத்தி மரத்தைக் கயிற்றால் சுற்றிக் கட்டி, ஒரு பக்கத்து வேரை அறுத்து, அப்படியே குழிக்குள் சாய்த்தார்கள். மேலே பலகை, இலை, மண். நான் இவரிடம், 'மரத்தைக் கொன்று புதைக்கிறார்கள்' என்று சொன்னேன். அவர்கள் ஊர் மரத்துக்கு இந்தக் குளிர் தாங்காதாம், வருஷா வருஷம் இப்படித்தானாம். போன சனிக்கிழமை பலகையைத் தூக்க என்னையும் கூப்பிட்டார். ஈரமண் வாசனை குப்பென்று வந்தது. பாட்டி மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கிளை நுனியைக் கட்டை விரல் நகத்தால் மெதுவாகக் கீறினார். உள்ளே பச்சை. ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார். நீங்கள் பதியன் பிடித்ததா என்று பார்ப்பது இதே மாதிரிதான் அப்பா, அதே நகம். மரத்தை நிமிர்த்த இன்னும் சில வாரம் ஆகுமாம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். ஒரு தொட்டி மல்லி வாங்கி வைத்திருக்கிறேன், இதையும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். குளிர்காலம் முழுக்க ஹாலில் இருந்து பாதி இலை கொட்டிவிட்டது. நானும் நகத்தால் கீறிப் பார்த்தேன், அடியில் பச்சை இருக்கிறது, நுனி காய்ந்திருக்கிறது. நீங்கள் கார்த்திகைக் கடைசியில் கவாத்து பண்ணுவீர்கள். இதை இப்போதே வெட்டலாமா, ஜூனில் வெளியே வைத்த பிறகா? தரையிலிருந்து எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும்? தம்பியிடம் சொல்லிப் போனில் கத்தவிட வேண்டாம், நீங்களே உங்கள் கையால் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்