தீமை மாற்றும் முன்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூன்று நாட்களாக உன் இணையதளத்தின் மெனு திறக்கவில்லை என்றும், அதன் தோற்றத்தை வகுக்கும் தீமை மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்றும் எழுதியிருந்தாய். ('தீம்' என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தால் 'தீமை' ஆகிவிடுகிறது. உன் அப்போதைய மனநிலைக்கு அது பொருத்தம்தான் என்று தனியே சிரித்துக்கொண்டேன்.) ஆனால் அதே மாலையில் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் புதுப்பித்ததாகவும், கூடுதல் வசதிகள் தரும் மூன்று பிளகின்களை நீக்கி மீண்டும் நிறுவியதாகவும் சொல்லியிருக்கிறாய். எனக்கு வருத்தம் அங்கேதான். இத்தனையையும் ஒருசேரச் செய்தபின் நாளைக்கே மெனு திறந்துகொண்டாலும், எதனால் திறந்தது என்று உன்னால் சொல்ல முடியாது. அடுத்த புதுப்பிப்பில் அதே கோளாறு திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

நானும் பட்டுத் தெரிந்துகொண்டவன்தான். சில ஆண்டுகளுக்கு முன் என் தளத்தில் படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் ஸ்லைடர் பிளகின் ஒன்று திடீரென்று வேலை செய்யாமல் நின்றது. அதை முடக்கியதும் உலாவியில் பிழைகளைக் காட்டும் கன்சோலில் தெரிந்த சிவப்பு வரி மறைந்துவிட்டது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று எண்ணி, அதை எழுதியவருக்குச் சற்றுக் கடுமையாகவே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். வேர்ட்பிரஸின் இயல்புத் தீமுக்கு ஒரு முறை மாறிப் பார்க்கும்படி அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். மாறினேன், ஸ்லைடர் அழகாக ஓடியது! என் தீமின் தலைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, அது மெனு, ஸ்லைடர் போன்றவற்றை இயக்க உதவும் ஜேக்வெரி என்ற நிரல் தொகுப்பின் பிரதி ஒன்றைத் தனக்கென்று நேரடியாக அழைத்துக்கொண்டிருந்தது. வேர்ட்பிரஸ் ஏற்கெனவே தன் பிரதியை ஏற்றியிருந்தது, ஸ்லைடரும் அதனுடன்தான் தன்னைப் பிணைத்திருந்தது. பின்னால் வந்த தீமின் பிரதி அதே பெயரில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளவே, பிணைப்பு முந்தைய பிரதியோடு போய்விட்டது. ஸ்கிரிப்டுகளை, அதாவது இத்தகைய நிரல்களை, வரிசையில் சேர்ப்பதற்கு வேர்ட்பிரஸ் வகுத்துள்ள முறையை அந்தத் தீம் பின்பற்றியிருந்தால் இது நேர்ந்திராது. ஒரு பிளகினை முடக்கியதும் பிழை மறைந்தால், அந்தச் சண்டையில் அதுவும் ஒரு தரப்பு என்று மட்டுமே பொருள். தவறு யார்மேல் என்பது அப்போது தெரிவதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுத எனக்கு இரண்டு நாட்கள் பிடித்தன.

ஆகையால் முதலில், அந்த மாலைக்கு முந்தைய காப்புப் பிரதியை மீட்டுக்கொள். பிறகு 'ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்' என்ற பிளகினை நிறுவு. அதன் சோதனை நிலையில் எல்லாப் பிளகின்களும் முடங்கி, இயல்புத் தீம் வருவது உன் அமர்வில் மட்டுமே, வாசகர்கள் வழக்கமான தளத்தையே காண்பார்கள். அங்கே முதலில் உன் தீமை மட்டும் இயக்கிப் பார். அப்போதும் மெனு திறக்காவிட்டால் பிளகின்களைக் குறை சொல்ல இடமில்லை. திறந்தால், அவற்றைப் பாதி பாதியாக இயக்கு. குற்றவாளி ஒன்றாக இருந்தால் 32 பிளகின்களுக்குக்கூட 5 சுற்றுகள் போதும். ஆனால் இதில் நான் ஏமாந்த ஒரு சூழல் உண்டு: சண்டை இரண்டு பிளகின்களுக்கு இடையே என்றால், பிரிக்கும்போது அவை ஆளுக்கொரு பாதியில் போய் விழுந்து, இரண்டு பாதிகளும் குற்றமற்றவைபோல் தோன்றும். அப்படி நேர்ந்தால் ஒரு பாதியை இயக்கத்திலேயே வைத்துக்கொண்டு, மற்றப் பாதியிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சுற்றிலும் கேச்சை, அதாவது பக்கங்களை வேகமாகக் காட்டச் சேமித்து வைத்த பிரதிகளை, அழித்துவிட்டுப் பார். நீ குறிப்பிட்ட மூன்றில் இரண்டு கேச் பிளகின்கள் என்பதைக் கவனித்தாயா? அத்தகைய பிளகின்கள் பெரும்பாலும் உள்ளடக்கக் கோப்புறையில் ஒரே பெயருள்ள ஒரு கோப்பைத் தமக்கென எழுதிக்கொள்கின்றன. ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்து எழுதும், சில நேரங்களில் பிளகினை நீக்கிய பின்னும் அந்தக் கோப்பு அங்கேயே கிடக்கும். மெனுவுக்கு அது காரணமோ இல்லையோ, இரண்டில் ஒன்றை நீ விட்டுவிடத்தான் வேண்டும்.

உன் தீம் மிகப் பழையது என்பதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5, பழைய ஸ்கிரிப்டுகளைத் தாங்கிப் பிடித்திருந்த ஜேக்வெரி மைக்ரேட் என்ற துணைக் கோப்பை ஏற்றுவதை நிறுத்தியபோது, பல தளங்களில் மெனுக்களும் ஸ்லைடர்களும் நின்றுபோயின. அதே ஆண்டு நவம்பரில் வெளியான பிஎச்பி 8.0 (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியின் பதிப்பு), முன்பு வெறும் எச்சரிக்கையோடு போன பல தவறுகளைத் தளத்தையே நிறுத்தும் பிழைகளாக ஆக்கியது. நீ எதையும் தொடாமலே கோளாறு தொடங்கியது என்றால், தானியங்கிப் புதுப்பிப்பு நடந்ததா, தளத்தை வைத்திருக்கும் வழங்கி நிறுவனம் பிஎச்பி பதிப்பை உயர்த்தியதா என்று விசாரித்துவிடு.

சோதனையின் நடுவே தளம் முழுவதும் வெள்ளைத் திரையாகிவிட்டால் பதற வேண்டாம். 2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல், இத்தகைய பிழைகளின்போது நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு நிலைக்கான இணைப்பு ஒன்று வருகிறது. அது வராவிட்டால், வழங்கியிலுள்ள கோப்புகளை நேரடியாக அணுக உதவும் எஃப்டிபி வழியாகப் பிளகின் கோப்புறையின் பெயரை மாற்றினால் எல்லாம் முடங்கி நிர்வாகப் பக்கம் பெரும்பாலும் திறந்துவிடும். வேர்ட்பிரஸின் அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பில் பிழைப் பதிவை இயக்கும்போது, பிழைகள் திரையில் வாசகர்களுக்குத் தெரியாதபடி காட்சியை அணைத்துவிடு. அந்தப் பதிவில் கோப்பின் பாதை இருக்கும், பாதையில் பிளகினின் பெயரும் இருக்கும். ஆனால் அது விழுந்த இடத்தைத்தான் சொல்லும், தள்ளிவிட்டவரைச் சொல்லாது.

காப்புப் பிரதியை மீட்டதும், வேறெதையும் தொடாமல் கன்சோலைத் திறந்து, முதல் சிவப்பு வரியை மட்டும் அப்படியே எனக்கு அனுப்பு. கீழே உள்ளவை பெரும்பாலும் அதன் விளைவுகளாகவே இருக்கும். வரி வந்ததும் அன்றிரவே உட்கார்ந்து பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்