முத்துக்கனி மாமா பெயருக்கு ஒரு படம்

மெக்சிகோ சிட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை நாள் எழுதாததற்கு வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை. அம்மாவிடமும் அப்படியே சொல். சாப்பாட்டுக்குக் குறையில்லை. புளி இங்கே தாராளம், ஆனால் சர்க்கரை போட்டு ஜூஸாகக் குடிக்கிறார்கள்! ஊர் 2,240 மீட்டர் உயரம், ராத்திரியில் நல்ல குளிர். ஹீட்டர் வாங்கவில்லை, கம்பளியே போதும்.

மாடி வீட்டு வாத்தியாரைப் பற்றிக் கேட்டிருந்தாய். முன்பு இந்த ஊரை ஆண்ட அஸ்டெக்குகளின் கடைசி அரசர் குவாவ்தெமோக்கின் பெயர்தான் அவருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அவர்கள் பேசிய நாவாட் மொழியின் அந்தக் காலத்துப் பெயர்களை எப்படிப் படமாகப் போட்டார்கள் என்று பாடம் ஆரம்பித்துவிடுவார். ஆளை வரைந்து, தலையிலிருந்து மெல்லிய கோடு இழுத்து, அதன் முனையில் பெயரின் அர்த்தத்தைப் படமாகப் போடுவார்கள். இட்ஸ்கோவாட் அரசர் என்றால் பாம்பு. முதுகெல்லாம் கறுப்பு எரிமலைக் கண்ணாடிக் கத்திகள் குத்திட்டு நிற்கும். சிமல்போபோகாவுக்குப் புகையும் கேடயம். இவையெல்லாம் 1540-களில் வரைந்த மெந்தோசா சுவடியில் இருக்கின்றன. சுவடி இப்போது ஆக்ஸ்ஃபோர்டில்! அரசர்களுக்கு மட்டுமில்லை, 1560-ல் வெஹோட்சிங்கோ என்ற ஊரில் எடுத்த கணக்கெடுப்பில் சாதாரண ஜனங்களின் தலைகளும் வரிசையாக, பக்கத்தில் பெயர்ப்படத்தோடு இருக்கின்றன.

பெயரின் கடைசியில் மரியாதைக்கு 'ட்சின்' சேர்ப்பார்களாம், நாம் 'ஐயா' போடுகிற மாதிரி. மரியாதையை எப்படி வரைவது? பிட்டத்துக்கும் அதே ஓசையில் ஒரு சொல் உண்டு. அதனால் இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு ஆளை வரைந்துவிடுவார்கள். அத்தானிடம் சொல், சிரிப்பார்.

நம் வீட்டுப் பெயர் ஒன்று சொல்லச் சொன்னார். முத்துக்கனி மாமா பெயரைச் சொன்னேன். ஒரு மாம்பழத்தைப் போட்டு, மேலே முத்து முத்தாகப் பதித்துக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் மாமா வாசலில் நின்று சத்தம் போடுவதும், நீ ஓடிப்போய் கருப்பட்டிக் காப்பி போடுவதும் ஞாபகம் வந்து, அன்றைக்கு முழுக்க வீட்டு நினைப்புதான். சரி, அதை விடு.

மாமா பணத்துக்கு இந்த மாசம் வட்டியை மட்டும் அத்தானைக் கொடுக்கச் சொல். இங்கே பேங்கில் ஏதோ தாமதம், அடுத்த மாசம் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். அதற்காக உன் வளையலை அடகு வைக்காதே. தெற்கு வயல் பாகப்பிரிவினைக்கு பவர் பத்திரம் அத்தான் பெயருக்கே எழுதட்டும், சித்தப்பா பெயருக்கு வேண்டாம். நகல் அனுப்பினால் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அப்புறம், மதினிக்கு எத்தனையாவது மாசம்? நீ எழுதவே இல்லையே.

இப்படிக்கு,
உன் தம்பி