வீட்டுக்குழுத் தலைவர்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதத்திலிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் ஒருவரை, ஒரே ஒருவரை, பக்கத்தில் வைத்து ஊழியத்தில் பழக்குங்கள். வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை. மாற்கு 3:14-ஐப் பாருங்கள், இயேசு பன்னிரண்டு பேரை முதலில் தம்மோடு இருக்கத்தான் ஏற்படுத்தினார், பிரசங்கிக்க அனுப்புவது அதற்கு அப்புறம்தான். அதனால் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஜெபிக்கப் போனாலும், துவாஸ் தொழிலாளர் விடுதியில் இருக்கும் தம்பிகளைப் பார்க்கப் போனாலும் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; எம்ஆர்டி ரயிலில் திரும்பும்போது என்ன கவனித்தீர்கள் என்று கேளுங்கள், பாதிப் பயிற்சி அந்தப் பேச்சில்தான் நடக்கிறது. அடுத்த முறை அவரே ஜெபிக்கட்டும். தடுமாறினால் உடனே குறுக்கே புகாதீர்கள். ஷிப்ட் வேலை செய்கிறவர்களை ஒதுக்கிவிட வேண்டாம், அவர்களில் சிலருக்கு இருக்கிற ஆத்தும பாரம், அதாவது மற்றவர்களின் ஆத்துமாவைப் பற்றிய அக்கறை, பெரியது. நீங்கள் தேர்ந்தெடுத்தவரின் பெயரைக் குழுவில் போடாமல், ஞாயிறு ஆராதனைக்கு முன் போதகரிடம் தனியாகச் சொல்லுங்கள்.