எந்த மை என்பதை வாங்கியவர் தீர்மானிக்கட்டும்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், உறுப்பினர்கள், யாழ்ப்பாண மாவட்ட உத்தியோகத்தர்கள் ஆகியோருக்கு வணக்கம்.

திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சூழவுள்ள வீதிகளில் போட்டோப்பிரதி எடுத்தும் ஆய்வேடுகளை அச்சிட்டுக் கட்டிக் கொடுத்தும் பிழைப்பவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். எங்கள் கடைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் இயங்கும் அச்சுப்பொறிகள் பலவற்றில் இருப்பது வேறு தயாரிப்பாளரின் போத்தல் மை, அல்லது ஊசியால் மீள நிரப்பிய காட்ரிஜ். இதை ஏதோ களவு வேலை போலப் பேசுகிற விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்துக்கு எந்த மை என்பதை அதன் சொந்தக்காரரே தீர்மானிக்க வேண்டும். அதற்குத் தடை இருந்தால் விற்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நான் உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

தடை பெரும்பாலும் காட்ரிஜில் ஒட்டியிருக்கும் சிறிய சிப்பில் இருக்கிறது. அச்சுப்பொறிக்குள் உள்ள மென்பொருள் அந்தச் சிப்பை அடையாளம் காணாவிட்டால், உள்ளே மை நிறைந்திருந்தாலும் அச்சிட மறுக்கும். இதைவிடக் கொடுமை, வாங்கும்போது இல்லாத தடை பின்னர் இணையம் வழியாக வந்து சேர்வது. 2016 செப்டெம்பர் 13 அன்று எச்பி நிறுவனத்தின் சில ஒபிஸ்ஜெட் அச்சுப்பொறிகள், அதுவரை ஏற்றுக்கொண்ட பிற தயாரிப்பாளர்களின் காட்ரிஜ்களைத் திடீரென நிராகரிக்கத் தொடங்கின. எதிர்ப்பு வலுத்ததும் நிறுவனம் வருத்தம் தெரிவித்து, தடையை நீக்கும் மென்பொருளையும் வெளியிட்டது. ஆனாலும் 2020 டிசெம்பரில் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு அதிகார சபை அதே நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. இந்தக் கட்டுப்பாட்டை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்பதும், பிற மை பாவித்த பதிவைக் காட்டி உத்தரவாதச் சேவையை மறுக்க வழி செய்தது என்பதும் அங்கே சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டும் உங்கள் அதிகாரத்துக்குள் வரக்கூடியவை என்பதாலேயே அவற்றை இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

தரத்துக்கும் பாதுகாப்புக்கும் சிப் அவசியம் என்பது கம்பனிகளின் வாதம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகளாவிய சிப் தட்டுப்பாடு வந்தபோது, கனன் நிறுவனமே தனது சில ரோனர்களை, அதாவது தூள் மைக் காட்ரிஜ்களை, சிப் இல்லாமல் விற்று, இயந்திரம் காட்டும் எச்சரிக்கையை எப்படிக் கடப்பது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்தது. அச்சின் தரம் அதனால் குறையாது என்றும் அறிவித்தது. அதன் பிறகும் தரத்தின் பெயரால் சிப்பைக் காட்டி வாங்கியவரின் கையைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதே ஆண்டை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறியது. தாளும் மையும் இறக்குமதி செய்ய முடியாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. அந்த மாதங்களில் எங்கள் பகுதி ஆசிரியர்கள் பலர் மாதிரி வினாத்தாள்களைப் பிள்ளைகளின் கையில் சேர்த்தது மீள நிரப்பிய மையால்தான். அன்று எல்லா இயந்திரங்களும் சொந்தக் கம்பனியின் காட்ரிஜைத் தவிர வேறெதையும் ஏற்காதவையாக இருந்திருந்தால், பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே வினாத்தாள் கிடைத்திருக்கும்.

மலிவு மைகள் எல்லாம் நல்லவை என்று நான் வாதாட வரவில்லை. தரமற்ற மை அச்சுத் தலையின் நுண்துளைகளை அடைக்கும் என்பது உண்மை. நீரில் கரையாத துகள்களாலான நிறமி மை பாவிக்க வேண்டிய இயந்திரத்தில், நீரில் கரையும் சாய மையை ஊற்றினால், அச்சிட்ட ஆவணத்தில் ஒரு துளி தண்ணீர் பட்டாலும் எழுத்து கரைந்து பரவும். பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையோ காணி உறுதியின் பிரதியையோ அப்படி அச்சிட்டுக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் துரோகம். கம்பனியின் பெயரையும் பெட்டியையும் போலியாக அச்சிட்டு மை விற்பவர்கள் மீது நீங்கள் தயங்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டும். தன் சொந்தப் பெயரில், இது இன்ன மை என்று சொல்லி விற்பவரை அவர்களோடு சேர்த்து எண்ணக்கூடாது. வாங்குவோர் தேடிப்போன வழியைக் கம்பனிகளே பின்பற்றியதும் உண்டு: ஆசிய நகரங்களின் கடைக்காரர்கள் அச்சுப்பொறிக்கு வெளியே குழாயோடு மைத் தாங்கிகளைப் பொருத்திக் கொடுத்துவந்த காலத்தில்தான், 2010 இல், எப்சன் தனது தாங்கி அச்சுப்பொறியை இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்கு விட்டது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருட்களின் சுட்டுத்துண்டு, பொதியிடல், விற்பனை ஆகியவை பற்றிப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. 30 ஆம் பிரிவு பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. பிற மையை மறுக்கும் அச்சுப்பொறி என்றால், அந்த விடயம் பெட்டியின் முகப்பில் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று பணியுங்கள். விற்ற பின்னர் மென்பொருள் வழியாகப் புதிய தடை புகுத்துவதை, தவறாக வழிநடத்தும் நடத்தையாகக் கருதி விசாரியுங்கள். உத்தரவாதம் தொடர்பில், பழுதுக்குக் காரணம் அந்த மைதான் என்று கம்பனி காட்டினாலன்றிச் சேவையை மறுக்க இடமளிக்காதீர்கள். ஒரு குறித்த நிறுவனத்தின் பொருளை இலவசமாகத் தராமல், அதையே பாவிக்க வேண்டும் என்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை விதிப்பதை, விசேட விலக்குப் பெற்றாலன்றி, அமெரிக்கா 1975 ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. மை போத்தலுக்கும் விதி வேண்டும்: தயாரிப்பாளர் யார், சாய மையா நிறமி மையா, எந்த மாதிரிகளுக்குப் பொருந்தும், எப்போது தயாரித்தது என்பவை அதில் இல்லாவிட்டால் எங்கள் கடைகளிலும் அது விற்கப்படக்கூடாது.

இந்தப் பணிப்புரைகளை வரைவதற்கு முன் இறக்குமதியாளர்களையும், மை விற்பவர்களையும், திருத்துநர்களையும், எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களையும் ஒரே மேசைக்கு அழைத்து யாழ்ப்பாணத்தில் ஒரு கலந்துரையாடல் நடத்துமாறு வேண்டுகிறேன். நாளைக் குறித்து அறிவித்தால், மீள நிரப்பிய காட்ரிஜ்களையும் அவற்றை மறுக்கும் இயந்திரத்தையும் கொண்டுவந்து உங்கள் முன்னிலையில் இயக்கிக் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
திருநெல்வேலியிலிருந்து போட்டோப்பிரதிக் கடைக்காரர் ஒருவர்