அழுக்கு ஏறிய மணலே நல்ல வடிகட்டி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் குடிநீர்க் கட்டுரையில் 'வடிகட்டி என்பது மிக நுண்ணிய சல்லடை' என்று எழுதியிருந்தீர்கள். நுண்துளைச் சவ்வால் ஆன மெம்பரேன் வடிகட்டிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும், மணலுக்குப் பொருந்தாது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பாக்டீரியாவின் அளவு ஏறக்குறைய 1 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மணற்பருக்கைகளுக்கு நடுவே உள்ள சந்து அதைவிடப் பல மடங்கு அகலம். சல்லடைக் கணக்குப்படி கிருமிகள் தாராளமாக நுழைந்து போக வேண்டும். ஆனால் பெரும்பாலானவை போவதில்லை. மெதுமணல் வடிகட்டியில் தண்ணீர் மணிக்கு 10 முதல் 40 சென்டிமீட்டர்தான் இறங்கும். சில வாரங்களில் மணலின் மேல் வழவழப்பான ஆடை ஒன்று படியும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் வருகிற கிருமிகளைத் தின்றுவிடும். தப்பியவை பல கீழே மணலில் ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த ஆடையை அழுக்கென்று நினைத்து, "சுரண்டிவிடட்டுமா?" என்று மேலாளரிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடைத்துக்கொண்டால் சுரண்டத்தான் வேண்டும். ஆனால் ஆடை மறுபடி படியும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கக் கூடாது.

1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவுக்கு 8,000 பேருக்கு மேல் பலியானார்கள். பக்கத்திலேயே இருந்த அல்டோனா நகரம், அதே எல்பே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த இடத்துக்கும் கீழே தண்ணீர் எடுத்தது. ஆனாலும் அதற்கு அந்தக் கதி நேரவில்லை. அல்டோனா மணலில் வடித்துக் கொடுத்தது, ஹாம்பர்க் ஆற்றுநீரை வடிக்காமலே விட்டது.

தண்ணீரை விரைவாக இறக்கும் வேகமணல் வடிகட்டியில் ஆடை படிய அவகாசம் கிடையாது. படிகாரம் போட்டுக் கலங்கலைத் திரட்டி, தெளியவிட்ட பிறகே மணலுக்கு அனுப்புவோம். படிகார அளவு தவறினால் மணலைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்று. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த திடப்பொருள்களின் அளவு) எண் குறைந்தால் தண்ணீர் சுத்தம் என்ற தொனி கட்டுரையில் இருந்தது. அதை அளக்கும் மீட்டர் கரைந்த உப்பைத்தான் கணக்கிடுகிறது. கிருமி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கார்பன் வடிகட்டி குளோரினையும் வாடையையும் பிடிக்கும். மாற்றாமல் விட்டால் அதிலேயே கிருமி குடியேறும்.

அடுத்த முறை, ஒவ்வொரு வடிகட்டியும் எதைப் பிடிக்காது என்பதையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுத்திகரிப்பு நிலையப் பணியாளர்