தம்பிக்கு, பட்டம் பாத்திட்டு வந்து எழுதுறது

அன்புள்ள தம்பி,

சுகமா இருக்கிறியோ. நாங்கள் எல்லாரும் சுகம். கொம்மாவுக்கு முழங்கால் நோ வழமை மாதிரித்தான், அதைப் பற்றி யோசிக்காத. பொங்கல் அண்டைக்கு விடியப் பொங்கி முடிச்ச கையோட உனக்கு ரெண்டு தரம் எடுத்தனான், ரொறன்ரோவில அப்ப முதல் நாள் இரவு, வேலையில நிண்டிருப்பாய் எண்டு கொம்மாவுக்குச் சொன்னன், அவ ஒண்டும் கதைக்கேல்ல. பொங்கல் பானைப் படம் அனுப்பினம், கொஞ்ச நேரத்தால ரெண்டு சரியும் நீலமா வந்திட்டுது, பாத்திட்டாய் எண்டு தெரிஞ்சதும் மனசு கொஞ்சம் ஆறிச்சுது. அதுவே காணும். ஆனா ஒரு சொல்லு எழுதியிருக்கலாம்.

உங்க சரியான குளிராம், செய்தியில காட்டினவங்கள். காதை மூடித் தொப்பி போடு. வேளைக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாட்டை நம்பி இருக்காத, தனிய எண்டா நீ சமைக்க மாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். தனிய எண்டு நான் வேற ஒண்டையும் நினைச்சு எழுதேல்ல.

கொக்காவும் கொத்தானும் பிள்ளையளும் வந்து நிண்டவை. சின்னவன் மார்கழி லீவு தொடங்கின நாளில இருந்து பட்டம் பட்டம் எண்டு ஒரே நிலைதான், அதால பொங்கல் பின்னேரம் எல்லாருமா வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டிக்குப் போனனாங்கள். கொம்மாவையும் ஓட்டோவில ஏத்தினம். சந்திக்கு இஞ்சாலயே றோட்டு முட்டிப் போச்சு, இறங்கி நடந்துதான் போனது. அப்பிடிச் சனம். உதயசூரியன் கடற்கரை முழுக்கத் தலைதான், யாழ்ப்பாணம் முழுக்க வந்து நிக்குது, வெளிநாட்டில இருந்து வந்த பிள்ளையளும் கனக்க, எங்கட ஒழுங்கைப் பெடியன் ஒருத்தன் சுவிசில இருந்து ரெண்டு கிழமை லீவில வந்திருக்கிறான், தாயைக் கையில பிடிச்சுக்கொண்டு நடக்கிறான். ரிக்கெட்டும் இல்லை ஒண்டும் இல்லை, வாறவன் வரலாம், மணலில இருக்கலாம், கச்சான் ஒரு சுருள் வாங்கினா பின்னேரம் போயிடும். விக்னேஸ்வரா சனசமூக நிலையத்துப் பெடியள்தான் வழமைபோல மைக் பிடிச்சு நடத்தினது.

நீ பாக்கேல்லயே எண்டுதான் எனக்கு. கொக்கு, பிராந்து, எட்டுமூலை, பாம்பு எல்லாம் பழைய கதை, இப்ப விசித்திரப் பட்டம் எண்டு ஒவ்வொருத்தனும் வீட்டளவில ஒண்டைக் கட்டிக் கொண்டு வாறாங்கள், பத்துப் பேர் சுமந்து வந்து மணலில வைக்கேக்க இது எங்க எழும்பப் போகுது எண்டு நினைப்பம், வாடைக்காத்து ஒரு பிடி பிடிச்சுது எண்டா அப்பிடியே கிளம்புது. காத்து கடலில இருந்து வாறதால எல்லாரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊர்ப்பக்கம் அண்ணாந்து பாத்தபடி. கொம்மா கழுத்து நோகுது நோகுது எண்டு சொல்லிச் சொல்லியே கடைசி மட்டும் பாத்தவ.

2021 மார்கழியில பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெடியன் பட்டக் கயித்தோட மேல போன வீடியோ நீதான் எனக்கு அனுப்பினனி. மற்றவங்கள் எல்லாம் கையை விட்டிட்டாங்கள், அவன் மட்டும் பிடிச்சபடி. விழுந்தும் உயிர் தப்பினது கடவுள் புண்ணியம். அதைப் பாத்த பிறகு எனக்குக் கயித்தைக் கண்டாலே பயம், சின்னவனை ஒருத்தற்ர கயித்திலயும் கை வைக்க விடேல்ல, அவன் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டான். அதுக்காக அன்னபூரணிக் கதையைச் சொன்னன். இந்த ஊரில கட்டின பாய்க்கப்பல், 1938ல அமெரிக்காவில குளொஸ்டர் எண்ட ஊர் மட்டும் போனது எண்டு. அப்ப அதில போனவையின்ர வீட்டில என்ன மாதிரி இருந்திருப்பினம் எண்டு கேட்டான். எத்தினை மாசமோ, என்ன பாடோ எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்திருப்பினம் எண்டன். இப்ப ஒரு நிமிசத்தில முகம் பாத்துக் கதைக்கலாம். கதைக்கிற ஆள் கதைக்கவேணும்.

நான் குறை சொல்லேல்ல தம்பி. உன்னைப் போல ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும், கொக்காட கலியாணம், வீட்டுக்கு மேல்மாடி, கொம்மாட கண் ஒப்பிறேசன், எல்லாம் நீதான், காணிற எல்லாருக்கும் சொல்லுறனான். ஆனா கொக்கா ஒவ்வொரு நாளும் எடுக்கிறா. நீ கார்த்திகைக்குப் பிறகு மூண்டு தரம். மூண்டு தரமும் மருமகள் வேலையாம். போன கிழமை நெல்லியடிச் சந்தையில சம்பந்தி அம்மாவைக் கண்டனான், கதைப்பம் எண்டு கிட்டப் போக மற்றப் பக்கத்தால போட்டா. வெயிலுக்குக் காணேல்லயாக்கும். வேளைக்குச் சாப்பிடு எண்டுதான் திருப்பித் திருப்பி எழுதுறன் எண்டு நினைக்காத, எனக்கு வேற என்ன எழுதுறது எண்டு தெரியேல்ல.

ஒண்டு சொல்லவேணும். அண்டைக்குக் கடற்கரையில ஒரு பெடியன், பதிமூண்டு பதினாலு வயசிருக்கும், தன்ர பட்டத்துக்கு நூல் பிணைக்கிற முச்சையைக் கட்டிக்கொண்டு இருந்தவன். காத்துக் கூடிப்போச்சு எண்டு மேல் நூலைக் கொஞ்சம் குறைச்சு, பல்லால இழுத்து முடிச்சை இறுக்கி, திருப்பியும் ஒருக்கா இழுத்துப் பாத்தான். அதைப் பாத்ததில இருந்து எனக்கு நித்திரை இல்லை.

உனக்கு நினைவிருக்கும். 2003 பொங்கல், யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்து வந்த முதல் பொங்கல். நீ ஆறடிக் கொக்கு ஒண்டு கட்டினனி. அம்மம்மா வீட்டு மூங்கிலை வெட்டிக் கொண்டந்து, போத்தில் ஓட்டால சீவிச் சீவி, கையெல்லாம் வெட்டு. மா காய்ச்சின பசை, ரிசு பேப்பர், பார்சல் கட்டுற நாடாவில காத்துக்குக் கூவுற விண். மூண்டு கிழமை திண்ணையில ஒருத்தரையும் படுக்க விடேல்ல நீ. நானும் ஒண்டும் சொல்லேல்ல. பொங்கல் அண்டு மத்தியானம் நீ குளிக்கப் போனாப் பிறகு திண்ணைக்கு வந்தன், பசை ரின்னுக்குக் கீழ உன்ர கணக்குக் கொப்பி கிடந்தது. எடுத்துப் பாத்தன். முப்பத்தி நாலு மார்க்ஸ். உன்னை எப்பிடியும் கரை சேர்க்கவேணும் எண்டு நான் கடன்பட்டு ரியூசனுக்கு விட்டிருந்த நேரம்.

தம்பி, அந்த முச்சை முடிச்சு நீ பிழையாக் கட்டேல்ல. நீ ரெட்டை முடிச்சுப் போட்டிருந்தனி, கல்லு மாதிரி, நகத்தால பிரிக்க எனக்கு அஞ்சு நிமிசம் எடுத்தது. நான்தான் அவிழ்த்து ஒற்றையாக் கட்டிவிட்டனான். ஒருக்கா விழுந்தா உனக்குப் பட்ட ஆசை விட்டிடும், கொப்பியை எடுப்பாய் எண்டு நினைச்சன். அது உடனயும் விழேல்ல. என்ன வடிவா எழும்பிச்சுது, விண் கூவிச்சுது, பக்கத்தில நிண்ட பெரிய ஆக்களெல்லாம் ஆற்ற பெடியன் எண்டு கேட்டவை, என்ர மோன் எண்டு நான்தான் சொன்னன். அதுக்குப் பிறகு முடிச்சு வழுகிப் பட்டம் ஊருக்கு மேலால போய்ப் பனங்கூடலுக்குள்ள விழுந்தது. அத்தினை பேருக்கு முன்னால நான் சொன்னது உனக்கு மறந்திராது, ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாத நீ என்னத்தை வெட்டி விழுத்தப் போறாய் எண்டு. நீ அழேல்ல. வெறும் நூலைச் சுத்தி எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால நடந்து வந்தனி.

அதுக்குப் பிறகு நீ பட்டம் கட்டேல்ல. கட்டுநாயக்கா எயாப்போட்டில சூட்கேஸ் கயித்தை நீ மூண்டு தரம் அவிழ்த்து மூண்டு தரம் கட்டினதைப் பாத்துக்கொண்டு நிண்டனான், அப்பவாவது சொல்லியிருக்கலாம், வாய் வரேல்ல. உன்ர கலியாண வீட்டில அந்தக் கதையைப் பகிடியா எல்லாருக்கும் சொல்லிச் சிரிப்பிச்சதும் நான்தான். மருமகளும் சிரிச்சவ. நீ சிரிக்கேல்ல, நான் அதைக் கண்டனான்.

எல்லாம் உன்ர கைப்பிழை எண்டு நினைக்கிற பழக்கம் உனக்கு நான் தந்தது. எது என்ன நடந்தாலும் தம்பி, எல்லாம் என்னாலதான் எண்டு இருந்திடாத. நான் ஒண்டையும் கேக்கேல்ல. நீ சொன்னாத்தான் சொல்லு. வாறதெண்டா வா, ரிக்கெட்டுக்குக் காசு இல்லையெண்டா நான் போடுறன், பாங்கில இருக்கு. உன்ர அறை அப்பிடியே கிடக்கு, கட்டிலுக்கு மட்டும் புது மெத்தை வாங்கினனாங்கள். ஊர் கேட்டா லீவில வந்தவன் எண்டு சொல்லுவம்.

சின்னவனுக்கு நேற்று ஒரு கொக்கு கட்டிக் குடுத்தம். முடிச்சு அவனே போட்டவன், நான் கை வைக்கேல்ல. இப்ப இரவு பத்தரை, பின்வளவுப் பனையில கட்டி விட்டிருக்கு, விண் கூவிக்கொண்டே இருக்குது, கொம்மா நித்திரை இல்லை எண்டு பேசுறா, எண்டாலும் இறக்கச் சொல்லேல்ல. காத்து நிக்க முதல் ஒருக்கா போன் எடு, முத்தத்துக்குக் கொண்டுபோய்ப் பிடிக்கிறன், உனக்கும் கேக்கும்.

காதை மூடித் தொப்பி போடு.

அப்பா

கொம்மா பயித்தம் பணியாரமும் பனங்கட்டியும் பார்சல் கட்டி வைச்சிருக்கிறா, சுவிஸ் பெடியன்ர மச்சான் கனடா போறானாம், அவனிட்டக் குடுத்துவிடுறம். ரெண்டு பேருக்கெண்டு கட்டினதுதான். ஒராளெண்டாலும் வைச்சு வைச்சுத் தின்னலாம், கெதியில பழுதாகாது.