கயலுக்கு, ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை போனில் பெரிதாக்கி வரிவரியாகப் பார்த்தேன். பேசினால் நீ களைத்துப்போய் "சரிம்மா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். படுத்துக்கொண்டு, முடிந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாகப் படி.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு இருப்பது சோம்பலும் இல்லை, மனப்பிரமையும் இல்லை. தீபாவளிக்கு வந்திருந்தபோது கண்ணால் பார்த்தேன். திருச்செந்தூர் போய்விட்டு வந்த அன்று சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தாய். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் முகம் வாடியது. அதற்கடுத்த நாள் காலை பல் தேய்க்கும்போது கையைத் தூக்கி வைத்திருக்க முடியாமல், முழங்கையை வாஷ்பேசின் மேல் ஊன்றிக்கொண்டு தேய்த்தாய். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்த பிள்ளை அது. பட்ட சிரமத்துக்கு அன்றே படுக்காமல், ஒரு நாள் இரண்டு நாள் தள்ளி உடம்பு அப்படியே விழுந்துவிடுவதுதான் நாள்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம். 2015-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் இந்த நோய்க்கு வகுத்த அளவுகோலிலும் அது இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, செய்துவந்த வேலையையே செய்ய விடாத களைப்பு, உழைத்த பிறகு வரும் அந்தச் சரிவு, தூங்கியும் தெளியாத உடம்பு. இவற்றோடு யோசனை மந்தமாவது, அல்லது நின்றால் படபடப்பும் கிறுகிறுப்பும் வருவது. படித்துக்கொண்டு போகும்போது உன்னைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

ஆனால் அந்தப் பெயரை உனக்கு வைப்பதற்கு முன், இதே மாதிரி களைப்பைத் தரும் வேறு சில நோய்கள் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். அந்த ஹெல்த் கோச் அதைச் செய்யாமல், 'அட்ரீனல் களைப்பு' என்று ஒரு பெயரைச் சொல்லி, பவுடரையும் கூரியரில் அனுப்பிவிட்டார். அது 1998-ல் அமெரிக்காவில் ஒரு கைரோபிராக்டர், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சிகிச்சை தருபவர், வைத்த பெயர். ஹார்மோன் மருத்துவர்களின் எண்டோகிரைன் சொசைட்டி அப்படி ஒரு நோயை ஏற்கவே இல்லை. 2016-ல் பிரேசில் மருத்துவர்கள் 58 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அட்ரீனல் சுரப்பி உண்மையாகவே பழுதாகிற நோய் வேறு. 1855-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் எழுதிவைத்தது. அவர் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். அவர் காலத்தில் பெரும்பாலும் காசநோய்தான் அந்தச் சுரப்பியைத் தின்றது. இப்போது மேல்நாடுகளில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குவதுதான் அதிகம். நம் நாட்டில் காசநோயை இன்னும் மறந்துவிட முடியாது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்தச் சுரப்பி கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்களைத் தருகிறது. சிறுநீரில் போகவிருக்கும் சோடியத்தை உடம்புக்குத் திருப்பி, பொட்டாசியத்தை வெளியே தள்ளுவது ஆல்டோஸ்டிரோனின் வேலை. அது இல்லாவிட்டால் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், எழுந்து நின்றால் பி.பி. விழும், நாக்கு உப்புக்கு அலையும்.

நீ ஊறுகாயை ஸ்பூனால் எடுத்து வெறுமனே சாப்பிடுகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். உன் ரிப்போர்ட்டில் சோடியம் 136, பொட்டாசியம் 5.4. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கே ஒரு கணம் திக்கென்றது. அப்புறம்தான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். அடியில் பொடி எழுத்தில் 'சாம்பிள் லேசாக ஹீமோலைஸ் ஆகியிருக்கிறது' என்று போட்டிருக்கிறார்கள். அதை நீ பார்த்திருக்க மாட்டாய்.

அது என்னவென்று சொல்கிறேன், என் பாதி ஆயுள் லேப் வேலையிலேயே போயிருக்கிறது. சென்ட்ரிஃபியூஜில் சுற்றி எடுத்ததும் டியூபின் மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். சில டியூபில் ரோஸ்மில்க் மாதிரி வரும். சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம். உடம்பின் பொட்டாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு செல்களுக்குள்தான் இருக்கிறது. அணு உடைந்தால் அத்தனையும் சீரத்தில் கலந்துவிடும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும், பைக்கில் குலுங்கிக்கொண்டு போனாலும் உடையும். உடையாவிட்டாலும், பிரிக்காத ரத்தத்தை ஃபிரிட்ஜில் நேரம்போக வைத்திருந்தால் பொட்டாசியம் கசிந்து வெளியே வரும். பட்டையை ரொம்ப நேரம் இறுக்கிக் கட்டி, "கையை மூடி மூடித் திறங்க" என்று சொன்னாலும் ஏறும். இப்படி ரோஸ் நிற டியூப் வந்தால் நான் வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன். சிஸ்டர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் அனுப்புவேன். வீட்டுக்கு வந்து எடுத்துப்போன உன் சாம்பிள் எப்படிப் போனதோ. 5.4-ஐ நம்பியும் பயப்படாதே, பொய் என்று சொல்லித் தள்ளியும் விடாதே. திரும்ப எடுக்க வேண்டும், லேபுக்கே நேரில் போய்.

கார்ட்டிசால் விஷயத்தில்தான் எனக்குக் கோபமே வந்தது. உனக்கு 6.1 வந்திருக்கிறது, கோச் அதற்குச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். சாம்பிள் எடுத்த நேரம் மாலை 4.40. கார்ட்டிசால் விடிகாலையில் உச்சிக்கு ஏறி, பொழுதோடு இறங்கி, நடுராத்திரியில் அடிமட்டத்துக்குப் போகும். சாயங்கால ரத்தத்தைக் காலை அளவோடு ஒப்பிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு நோய் என்று வந்துவிடும். காலை எட்டு மணி வாக்கில் எடுத்தால்தான் பேசவே முடியும். பொதுவாக 3-க்குக் கீழே இருந்தால் அட்ரீனல் பழுது என்று சந்தேகம் வலுக்கும். 15, 18-க்கு மேலே போனால் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லிவிடலாம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். நடுவில் நின்றால், அட்ரீனலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை ஊசியாகப் போட்டு, அரை மணி, ஒரு மணி கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். சுரப்பி நன்றாக இருந்தால் ஊசிக்குத் துள்ளி ஏறும்.

எடுக்கப் போகும் முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கட்டாயம் சொல். முடிக்காகச் சாப்பிடுகிறாயே பயோட்டின் மாத்திரை, அது தைராய்டு டெஸ்டையே குழப்பும். சில மெஷினில் டி.எஸ்.எச். குறைந்தும் டி4 கூடியும் காட்டும். கார்ட்டிசாலையும் கெடுக்கக்கூடும். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தியிருக்க வேண்டும். இன்னொன்று, மாதவிடாய்க்காகத் தந்திருக்கும் ஹார்மோன் மாத்திரை. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜென், கார்ட்டிசாலைச் சுமக்கும் புரதத்தைக் கூட்டிவிடும். ரிப்போர்ட்டில் எண் உயர்ந்து தெரியும், உள்ளே இருக்கும் குறையை அது மறைத்துவிடலாம். அதை நீயாக நிறுத்தாதே, சொன்னால் போதும். டி.எஸ்.எச்., இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சர்க்கரை எல்லாம் இத்தோடு பார்த்துவிடட்டும்.

அந்தப் பவுடரை இன்றைக்கே நிறுத்து. டப்பாவின் போட்டோவில் முதலில் இருப்பது அதிமதுரம். தொண்டைக்கு ஒரு துண்டு கடிப்பது வேறு, தினமும் கரண்டியாகச் சாப்பிடுவது வேறு. கார்ட்டிசாலைச் சிறுநீரகத்தில் அடக்கிவைக்கும் ஒரு நொதியை அது தடுக்கிறது. அப்போது கார்ட்டிசாலே ஆல்டோஸ்டிரோன் மாதிரி வேலை செய்யத் தொடங்கி, உப்பைப் பிடித்துவைத்து, பி.பி.யை ஏற்றி, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும். பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் கைகால் துவளும், இதயத் துடிப்பு தப்பும். அடுத்து இருக்கும் அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டலாம். அதைச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள். நம் பாட்டிமார் தந்த மருந்துகள்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாத நேரத்தில் இவை வேண்டாம். பெயர் தெரியாத 'சத்து மாத்திரை' ஏதாவது தந்திருந்தால் எனக்குப் போட்டோ அனுப்பு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து.

சரி, எல்லாம் எடுத்து எல்லாம் நார்மல் என்று வந்தால்? அப்படி வரத்தான் வாய்ப்பு அதிகம் என்று என் மனசு சொல்கிறது. அன்றைக்கு யாராவது "ஒண்ணுமில்ல, எல்லாம் நார்மல்" என்று சொன்னால் நீ உடைந்துபோகக் கூடாது. நாள்பட்ட களைப்பு உள்ளவர்களில் பலருக்குச் சோடியம், பொட்டாசியம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கார்ட்டிசால் சில ஆய்வுகளில் சராசரியாகக் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதைக் கூட்டிக் கொடுத்தால் சரியாகுமா என்றும் பார்த்துவிட்டார்கள். 1998-ல் அமெரிக்காவில் 70 பேரை வைத்து, ஒரு பாதிக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் தந்தார்கள். லேசான தெம்பு வந்தது. ஆனால் சிலருக்கு அவர்களுடைய சொந்தச் சுரப்பியே படுத்துவிட்டது. வேண்டாம் என்று முடித்தார்கள். 2001-ல் உப்பைப் பிடித்துவைக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனை 100 பேரிடம் சோதித்தார்கள், அதிலும் பலன் இல்லை. ஹார்மோன் மாத்திரையால் இதைத் துரத்திவிடலாம் என்று யார் சொன்னாலும் காசைக் கொடுக்காதே.

உனக்கு நின்றால் வருகிற படபடப்பை டாக்டரிடம் தனியாகச் சொல். ஐந்து நிமிஷம் படுத்து நாடியை எண்ணிவிட்டு, சுவரில் சாய்ந்து பத்து நிமிஷம் நின்று நிமிஷத்துக்கு நிமிஷம் நாடியும் பி.பி.யும் பார்ப்பார்கள். பி.பி. விழாமல் நாடி மட்டும் 30-க்கு மேல் ஏறி அப்படியே நின்றால் அதற்குப் போட்ஸ் என்று பெயர். வீட்டில் செய்தால் மாப்பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டும், தனியாகச் செய்யாதே. அது இருந்தால் தண்ணீரும் உப்பும் கூட்டச் சொல்வார்கள், காலுக்கு இறுக்கமான சாக்ஸ் சொல்வார்கள். அப்போது ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குள்ள பாக்கெட்டாக வாங்கு: லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் ட்ரைசோடியம் சிட்ரேட். பழச்சாறு ருசியில் வரும் டெட்ரா பாக்கெட்டில் சர்க்கரைதான் தூக்கலாக இருக்கும். அவற்றின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உத்தரவே வந்தது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். அந்த 5.4 உண்மையா என்று தெரியும்வரை இளநீரும் வேண்டாம், 'லோ சோடியம்' உப்பும் வேண்டாம், அதில் பொட்டாசியம்தான் இருக்கிறது.

ஜிம்மில் சேரச் சொல்கிறார்களாமே. வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டும் வைத்தியத்தை இந்த நோய்க்குச் செய்யக் கூடாது என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது. இருக்கிற தெம்புக்குள் வேலையை அடக்கிக்கொள், நல்லா இருக்கிற நாளிலும் பாதியில் நிறுத்து. காய் நறுக்குவதை உட்கார்ந்து செய். குளித்த அன்று சமைக்காதே.

ஒரு விஷயம் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. வாந்தி நிற்காமல் வந்து, வயிற்றுவலியும் மயக்கமும் சேர்ந்தால், அல்லது உள்ளங்கை ரேகையும் ஈறும் கறுத்து எடையும் இறங்கினால், அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் நேராக கேஷுவாலிட்டிக்குப் போ. "அட்ரீனல் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகம்" என்று வாசலிலேயே சொல்.

மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், புதன்கிழமை காலை லேபுக்கு அவரே கூட்டிப்போகிறார். எண்டோகிரைனாலஜிஸ்டைப் பார்க்கும் தேதி முடிவானதும் சொல், அதற்கு முந்தின நாள் வந்து சேர்கிற மாதிரி டிக்கெட் போடுகிறேன். அப்பா இங்கே சமாளித்துக்கொள்வார். நீ எதையும் ஏற்பாடு செய்யாதே, ஸ்டேஷனுக்கும் வராதே.

அன்புடன்,
அம்மா